கெபியடியில் பத்து மணிப் பூ

எங்கள் சந்து முடிகிற இடத்தில் ஒரு கெபி இருக்கிறது. குகை மாதிரி கல்லும் சிமெண்டும் வைத்துக் கட்டி, உள்ளே மாதா சொரூபத்தை நிறுத்தியிருப்பார்கள். புதுச்சேரியில் வேதக்காரர்கள் என்கிற கிறிஸ்தவர்கள் குடியிருக்கிற தெருக்களில் இப்படி ஒன்று பெரும்பாலும் இருக்கும். எங்கள் கெபிக்கு நீலப் பெயிண்ட். சுற்றி இடுப்பளவுக்குக் கம்பி வேலி. வேலிக்குள்ளே, மாதாவின் காலடியில், இரண்டு பாய் விரிக்கிற அளவுக்கு மண் தரை. அந்த மண்ணில் நான் குச்சி ஊன்றி வைத்த செடி பூத்ததை நானே இருந்து பார்த்தேன். சொன்னால் சின்ன விஷயம்தான். ஆனால் அதற்கு முன்னால் நான் வைத்த எதையும் பூக்கிற வரைக்கும் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. அதற்குள் வேறு ஊருக்குப் போயிருப்பேன்.

ஏழாவது படிக்கும்போது பாதியில் நின்றுவிட்டு, திண்டிவனத்துப் பக்கத்திலிருந்து கிளம்பியவன் நான். மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரினேன். திருப்பூரில் பனியனுக்குப் பிசிறு வெட்டினேன். லாரியில் கிளீனராக நாக்பூர் வரைக்கும் போனேன். அந்த வழியில் டயர் மாற்றும்போது ஜாக்கி நழுவி, இடது கையில் இரண்டு விரல் மடங்காமல் போயிற்று. பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை, சட்டைப் பொத்தான் போடத்தான் கொஞ்சம் நேரமாகும். கடைசியில் புதுச்சேரிக்கு வந்து தண்ணீர் கேன் போடுகிற வேலையில் சேர்ந்தேன். மூன்று சக்கர வண்டியில் கேன்களை அடுக்கிக்கொண்டு வீடு வீடாகப் போக வேண்டும். இந்தச் சந்தில் ஒரு மாடி அறை கிடைத்தது. தகரக் கூரை. வெயில் காலத்தில் உள்ளே இருக்க முடியாது. அதனால் வேலை முடிந்ததும் கெபிக்குப் பக்கத்தில் இருக்கிற பூவரச மரத்தடியில் வந்து உட்கார்ந்துகொள்வேன். அப்படித்தான் கெபியக்கா பழக்கமானார்.

கெபியைப் பெருக்கித் துடைத்து, மெழுகுவத்தி ஏற்றி, சொரூபத்துக்கு மாலை மாற்றுகிற அம்மாவைச் சந்தில் எல்லாரும் கெபியக்கா என்றுதான் சொல்வார்கள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். காலையில் பள்ளிக்கூடம் ஒன்றில் சத்துணவு சமைத்துவிட்டு மதியம் வீடு திரும்புவார். கணவர் இறந்துபோய் வெகு நாளாகிவிட்டது. மகள் கட்டிக்கொண்டு காரைக்கால் போய்விட்டாள். அக்கா இருப்பது மாடிப் போர்ஷன். கீழே இறங்கினால் நேராகச் சிமெண்ட் ரோடு. ஒரு துளசிக்குக்கூட இடம் கிடையாது.

"தொட்டில வைக்கலாமேக்கா," என்று ஒரு முறை கேட்டேன்.

"தொட்டில வச்சா அது வளக்கறது. மண்ணுல வச்சாதான் அது மொளைக்கறது. எனக்குன்னு இந்த ஊர்ல இருக்கற மண்ணு இந்தக் கம்பிக்குள்ள இருக்கறதுதான் தம்பி."

ஆனால் அந்த மண்ணில் ஒன்றும் முளைக்கவில்லை. அக்கா ரோஜா வைத்தார், கருகியது. கனகாம்பரம் வைத்தார், மஞ்சளாகிப் படுத்துக்கொண்டது. சாமந்தி, செம்பருத்தி, எதுவும் நிற்கவில்லை. செடி செத்த பிறகு வெறும் மண்ணில் நாய்கள் பள்ளம் தோண்டிப் படுத்துக்கொண்டன. மழை பெய்தால் சேறு வேலிக்கு வெளியிலும் வழிந்து நிற்கும். போன வருஷம் திருநாள் ஜெபத்தின்போது ஒரு பெரியம்மா சேற்றில் வழுக்கி உட்கார்ந்துவிட்டாராம். நல்லவேளை, எலும்பு ஒன்றும் உடையவில்லை.

அதை வைத்துத்தான் தலைவர் பேச ஆரம்பித்தார்.

தலைவர் என்றால் எங்கள் சந்து இளைஞர் மன்றத்தின் தலைவர். இளைஞருக்கு நாற்பது வயது. சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் மிஷின் ஆபரேட்டர். விடியும்போதே கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும், பொழுது சாயும்போது கொண்டுவந்து இறக்கிவிடும். நல்ல மனுஷன். யார் வீட்டில் சாவு என்றாலும் பந்தல், நாற்காலி எல்லாம் அவர் பொறுப்பு. அவருடைய மாமனார் தவளக்குப்பத்தில் வீடு கட்டியதில் டைல்ஸ் மிஞ்சிவிட்டது. அதைக் கெபிக்குத் தர மாமனார் சம்மதித்துவிட்டார். தலைவருக்கு ஒரே சந்தோஷம்.

"உள்ள முழுக்க டைல்ஸ் போட்டுடலாம் அத்தே. சேறு கெடையாது, நாய் கெடையாது. ஒரு பக்கெட்டு தண்ணி ஊத்திக் கழுவினா பளிச்சுனு இருக்கும்," என்றார். அக்காவை அவர் மட்டும் அத்தை என்றுதான் கூப்பிடுவார்.

டைல்ஸ் ஒன்றை மாதிரிக்குக் கொண்டுவந்து காட்டினார். வெளிர்நீலம். நடுவில் ஒரு டால்பின் துள்ளிக்கொண்டிருந்தது.

அக்கா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏன்டா, இது பாத்ரூமுக்கு வாங்கினதா?"

"பாத்ரூமுக்குன்னா என்னா அத்தே? புதுசுதானே."

"மாதா என்னா குளிக்கவா நிக்கிறாங்க?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். தலைவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் அவர் விடவில்லை. "இத்தனை வருஷமா நீயும் செடி வக்கிற. ஒரு பூவாவது பூத்துச்சா? திருநாள் கொடியேத்தத்துக்கு முன்னாடி இந்த மண்ணுல பூ பூத்துக் காட்டு. நான் டைல்ஸைத் திருப்பி அனுப்பிடறேன். பூக்கலன்னா மேஸ்திரியக் கூப்புட்டுடுவேன்."

அது நியாயமான பேச்சு. அக்காவும் சரி என்று தலையை ஆட்டினார். செப்டம்பரில் திருநாள். அப்போது ஜூலை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. எல்லாரும் போன பிறகு அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த வெறும் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். டைல்ஸ் போட்டுவிட்டால் பெருக்குவதோடு அவர் வேலை முடிந்துவிடும். தோட்டம் என்ற பேச்சே இருக்காது.

நான் பொழுது போகாமல் உள்ளே போய் மண்ணைக் கிளறினேன். மேலே வெள்ளையாக ஏடு படிந்திருந்தது. மெழுகு என்றுதான் முதலில் நினைத்தேன். கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

"அக்கா, இது உப்பு!"

"உப்பா இருக்கும். மிளகும் கெடக்குமே, பாரு."

கிடந்தது. உடம்பில் மரு, பரு, சொறி வந்தால் மாதாவுக்கு உப்பும் மிளகும் வேண்டிக்கொண்டு போடுவது இங்கே வழக்கம். எங்கள் ஊரில் மாரியம்மன் கோவிலில் போடுவோம், இங்கே கெபியில் போடுகிறார்கள். சந்தில் இருக்கிற இந்துக்களும் போடுவார்கள். பக்கத்துத் தெருவிலிருந்தும் வந்து போடுவார்கள். எத்தனையோ வருஷமாக எத்தனையோ பேருடைய மருவுக்கும் பருவுக்கும் விழுந்த உப்பு அத்தனையும் அந்த இரண்டு பாய் அகல மண்ணில் ஊறிக் கிடந்தது. அக்கா ரோஜாச் செடி வைத்ததும் அதில்தான். அக்காவே தன் கழுத்து மருவுக்கு அங்கே உப்பு போட்டிருக்கிறார்.

"மரு போயிடுச்சாக்கா?"

"போயிடுச்சே!" என்று கழுத்தைக் காட்டினார். அப்புறம் மண்ணைப் பார்த்தார். "ரோஜாவும் அதோட சேந்து போயிடுச்சு போலருக்கு."

மேல் மண்ணை ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டி எடுத்தேன். சங்கராபரணி ஆற்றோரம் கட்டடத்துக்கு மணல் சலிக்கிறவர்களிடம் கேட்டு, கேன் வண்டியில் மணலும் கொஞ்சம் செம்மண்ணும் கொண்டுவந்து போட்டேன். ஆனாலும் அடிமண்ணில் உப்பு இல்லாமல் இருக்காது. உப்பளத்து வரப்பில் எதுவும் முளைக்காத இடத்தில், தரையோடு தரையாகச் சதைப்பற்றான ஒரு பூண்டு மட்டும் படர்ந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த மாதிரி ஏதாவது ஒன்றுதான் இங்கே நிற்கும் என்று தோன்றியது. அந்தப் பூண்டை மாதா காலடியில் வைக்க முடியாது. பூ என்று சொல்ல அதில் ஒன்றும் கிடையாது.

கடற்கரைப் பக்கம் நான் தண்ணீர் போடுகிற வீடுகளில் ஒன்று சொல்தா வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களை இங்கே சொல்தா என்பார்கள். அந்த வீட்டுக்காரர் இறந்துபோய்விட்டார். மனைவி மட்டும் இருக்கிறார். மதாம் என்று கூப்பிட வேண்டும், இல்லாவிட்டால் கதவைத் திறக்க மாட்டார். அவர் வீட்டு மொட்டை மாடியில் கேனை இறக்கும்போது கைப்பிடிச் சுவரெல்லாம் பூவாக இருந்தது. ரோஸ், மஞ்சள், ஆரஞ்சு, வெள்ளை. சின்ன ரோஜா மாதிரி இருக்கும், ஆனால் செடி ஒரு சாண் உயரம்கூட இல்லை. தண்டு சிவப்பாக, சதையாக. இலை உருண்டையாக, வேகவைத்த சேமியாவைக் கத்தரித்துப் போட்ட மாதிரி. பத்து மணிப் பூ. இதை நான் வேறு ஊர்களிலும் பார்த்திருக்கிறேன். நின்று பார்த்ததில்லை.

"மதாம், இது உப்புக்காத்துல நிக்குமா?"

"கடலுக்கு எதுத்தாப்புலதானே நிக்குது? பிரெஞ்சுல பூர்ப்பியேம்பாங்க, நம்ம பருப்புக்கீரை ஜாதி. இதோட சொந்தத்தை எங்க வீட்டு மிசே அங்க பிரான்ஸ்ல பச்சையா சலாதுல போட்டுத் தின்னுருக்காரு. உனக்கு வேணும்னா கிள்ளிக்க. வேர் வேணாம், ஒடிச்சு ஊனினாப் போதும். அதிகம் தண்ணி ஊத்தாத."

கடைசியாகச் சொன்னதை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. வேர் வேண்டாம், ஒடித்து ஊன்றினால் போதும் என்பதே எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. என்னைப் போல ஊர் ஊராகச் சுற்றுகிறவனுக்கு ஏற்ற செடி. ஒரு பை நிறைய ஒடித்துக்கொண்டு வந்தேன்.

அக்கா பையைத் திறந்து பார்த்து, "கீரையா?" என்றார்.

"பருப்புக்கீரைக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி. பூ மட்டும் பெரிய எடத்துப் பூ."

இருவரும் சேர்ந்து ஊன்றினோம். அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காலையில் ஒரு குடம் ஊற்றினார். மதியம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து ஒரு குடம். கெபிக்கு வருகிறவர்களிடமெல்லாம் "செடி வச்சிருக்கோம்" என்று சொன்னார். அவர்களும் கையில் இருந்த பாட்டில் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போனார்கள். மாதாவுக்கு வைத்த செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் புண்ணியம்தானே. ஒரு வாரத்தில் அத்தனை தண்டும் கூழாகிவிட்டது. தொட்டால் கையில் வழுவழு என்று ஒட்டியது, வெண்டைக்காய்க் கறி கெட்டுப்போன மாதிரி ஒரு நாற்றம்.

அக்கா கூழை அள்ளிக் குப்பையில் போட்டார். அன்று மாலை தலைவர் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, கிண்டல்கூடச் செய்யாமல் போனார். அதுதான் அக்காவுக்கு ரொம்ப உறைத்தது.

"திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல தம்பி. பாவம் பாத்துட்டுப் போறான்."

மறுநாள் மதாம் வீட்டுக்கு மறுபடியும் போனேன். விஷயத்தைக் கேட்டு அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "நான் சொன்னேனா இல்லியா? அது ஒட்டகம் மாதிரி. உள்ளயே தண்ணி வச்சிருக்கு. நீ ஏன் அதை முழுக வக்கிற?" திட்டிக்கொண்டேதான் இந்த முறை அவரே ஒடித்துக் கொடுத்தார்.

இரண்டாம் நடவில் இரண்டு சட்டம் போட்டோம். ஒன்று, தண்ணீர் நான் மட்டும்தான் ஊற்றுவேன், அதுவும் மண் காய்ந்து வெடித்தால்தான். இரண்டு, உப்பு, மிளகு மண்ணில் விழக்கூடாது. முதலாவதை அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றுக்கொண்டார். இரண்டாவதுதான் நடக்கவில்லை. கம்பி வேலி ஓரமாக ஒரு பிளாஸ்டிக் பேசின் வைத்து, "உப்பு மிளகு இதில் போடவும்" என்று அட்டையில் எழுதினேன். யாரும் மதிக்கவில்லை. ஒரு அம்மா அட்டையைப் படித்துவிட்டு, எட்டி மண்ணில் போட்டார்.

"பேசின்ல போட்டா மாதாவுக்கு எப்படிங்க போயி சேரும்? காலடில போடணும்னு வேண்டிக்கிட்டேன்," என்றார். 

அக்காதான் வழி கண்டுபிடித்தார். பழைய காலண்டரிலிருந்து மாதா படம் ஒன்றைக் கத்தரித்து, பேசினின் முன்பக்கம் ஒட்டினார். அவ்வளவுதான். அன்றிலிருந்து உப்பு முழுக்கப் பேசினில் விழுந்தது. அதை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. குப்பையில் கொட்டக்கூடாது, சமைக்கக்கூடாது. வீராம்பட்டினம் பக்கம் கேன் போடப் போகும்போது எடுத்துக்கொண்டு போய்க் கடலில் கொட்டிவிட்டு வந்தேன். உப்பு வாரிச் சம்பாதித்த காலத்தில், ஒருநாள் உப்பைக் கடலுக்கே கொண்டுபோய்ச் சேர்ப்பேன் என்று நினைத்திருப்பேனா?

செடி பிடித்துக்கொண்டது. உப்பை நிறுத்தியதாலா, தண்ணீரை நிறுத்தியதாலா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எப்படிப் பார்த்தாலும் நாங்கள் செய்த ஒரே வேலை, செய்துகொண்டிருந்ததை நிறுத்தியதுதான். தண்டு தரையைத் தொட்ட இடத்திலெல்லாம் வேர் விட்டது. நுனியில் கூம்பு கூம்பாக மொட்டு. ஆகஸ்ட் முடிவதற்குள் ஒரு காலையில் நான் கேன் இறக்கிக்கொண்டிருந்தபோது, சந்துப் பெண்கள் கூச்சல் போடுவது கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் ஏழெட்டுப் பூ. செய்தி கேட்டு அக்கா பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் ஓடிவந்தார்.

பூ பூத்துவிட்டது, பேச்சு முடிந்தது என்றுதான் நினைத்தோம். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. இந்தப் பூ வெயில் ஏறிய பிறகுதான் விரியும். பத்து மணிக்கு விரிந்தால் மதியம் மூன்று மணிக்குள் சுருங்கிவிடும். தலைவர் விடியும் முன்னே போய் பொழுது சாய்ந்து வருகிறவர். அவர் பார்க்கும்போது அங்கே இருப்பது பச்சைப் புழு மாதிரி தண்டும், கசக்கிப் போட்ட பட்டாசுக் காகிதம் மாதிரி நேற்றைய பூவும்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த ஞாயிறு மழை பிடித்துக்கொண்டது. மழையில் ஒரு மொட்டும் வாய் திறக்கவில்லை.

அக்கா போனில் படம் எடுத்து வைத்திருந்து காட்டினார். தலைவர் விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"அத்தே, இது நெட்ல எடுத்த படம்."

"டேய், கம்பி தெரியுது பாருடா. நீல பெயிண்ட்டு தெரியுது பாருடா."

"இப்பல்லாம் என்னா வேணும்னாலும் ஒட்டிடலாம் அத்தே. எங்க கம்பெனில ஒருத்தன் மேனேஜர் தலைய எருமை மேல ஒட்டி வச்சிருக்கான்." அப்புறம் கொஞ்சம் இறங்கி, "எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு. மாமா டைல்ஸை வண்டில ஏத்திட்டாரு. சனிக்கிழமை மேஸ்திரி வராரு. நான் லீவு போட்டுட்டேன். எத்தன வாட்டி தள்ளிப் போடறது?" என்றார்.

அந்தச் சனிக்கிழமை எட்டரை மணிக்கே மேஸ்திரி வந்துவிட்டார். தவளக்குப்பத்துக்காரர். விவசாயம் இல்லாத நாளில் கொத்து வேலை. பூவரச மரத்தடியில் டைல்ஸ் அடுக்கியிருந்தது, பக்கத்தில் சிமெண்ட் மூட்டை. தலைவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். அக்கா பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டார். எனக்குப் போட வேண்டிய கேன் வண்டி நிறைய இருந்தது. நான் நகரவில்லை.

வானத்தைப் பார்த்தேன். முழுக்க மேகம். வெயில் இல்லை. செடி நிறைய மொட்டு, அத்தனையும் கூர் கூராக மூடிக்கொண்டு நின்றது.

"இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்குக்கா. அதுவும் வெயில் வந்தாத்தான்," என்று மெதுவாகச் சொன்னேன்.

அக்கா வானத்தைப் பார்த்தார், மேஸ்திரியைப் பார்த்தார். பிறகு இடுப்பில் செருகியிருந்த ஜெபமாலையை எடுத்தார்.

"ஏன்டா, மாதா காலடில கடப்பாரை போடப் போற. ஒரு ஜெபமாலை சொல்லாம ஆரம்பிக்கலாமா?"

 ஜெபமாலை வேண்டாம் என்று எந்த மன்றத் தலைவரால் சொல்ல முடியும்? "சரி, சீக்கிரம் சொல்லு அத்தே," என்றார்.

அக்கா சீக்கிரமாகச் சொல்லவில்லை. அருள் நிறைந்த மரியே என்று ஒவ்வொரு சொல்லையும் இழுத்து, மணிக்கு மணி மூச்சு வாங்கிச் சொன்னார். விஷயம் தெரிந்த சந்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து முழங்காலில் நின்றார்கள். அவர்களும் இழுத்தார்கள். ஜெபமாலையில் சனிக்கிழமைக்கு உரிய ஐந்து பகுதி, சந்தோஷ தேவ இரகசியம் என்பார்கள், ஐந்தும் முடிந்தது. மேஸ்திரி மூட்டை மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டார். தலைவர் எழுந்தார்.

"மன்றாட்டு மாலை," என்றார் அக்கா, கண்ணைத் திறக்காமல்.

தலைவர் மறுபடி முழங்காலில் போனார். எங்களுக்காக வேண்டிக்கொள்ளும், எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று சந்தே எதிரொலித்தது. நான் மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மன்றாட்டு மாலை முடிந்தது. ஒரு பாட்டு. பிறகு தனித்தனிக் கருத்துகளுக்கு வேண்டுதல். சந்தில் இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று. சேதராப்பட்டு கம்பெனி பஸ் டிரைவருக்கு நல்ல கண் பார்வை கிடைக்க ஒன்று. மேஸ்திரிக்கு இடுப்பு வலி வராமலிருக்க ஒன்று.

"எனக்கு இடுப்பு வலி இல்லீங்கம்மா," என்றார் மேஸ்திரி.

"இனிமே வராம இருக்கத்தான்."

"அத்தே, மேஸ்திரிக்குப் பாதி நாள் போயிடுச்சு," என்று தலைவர் பல்லைக் கடித்தார்.

"தண்ணி கேன் போடற தம்பிக்குக் கல்யாணம் ஆவணும்னு ஒண்ணு பாக்கி இருக்குடா."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் என் கழுத்தில் சூடு பட்டது. மேகம் விலகியிருந்தது. கெபியின் நீலச் சுவரில் வெயில் அடித்து, மண்ணில் இறங்கியது.

பூ விரிவது கண்ணுக்குத் தெரியும் என்று அதுவரை யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். முதலில் ஒரு மஞ்சள் மொட்டு நுனி பிளந்தது. பக்கத்தில் ஒரு ரோஸ். ஜெபத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை, எல்லாரும் கம்பி வேலிப் பக்கம் திரும்பிவிட்டார்கள். அக்கா மட்டும் கண்ணை மூடிக்கொண்டு யாருக்கோ வேண்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அந்த இரண்டு பாய் அகலமும் மண் தெரியாமல் பூவாகிவிட்டது. எங்கிருந்தோ தேனீ ஒன்று வந்து இறங்கியது.

மேஸ்திரி எழுந்து வந்து பார்த்தார். செருப்பைக் கழற்றினார். "தலைவரே, இது மேல நான் கலவை கொட்ட மாட்டேன். வீட்ல மருமவ மாசமா இருக்கா. நீங்க வேணா கொட்டுங்க," என்று கரணையை நீட்டினார்.

தலைவர் கரணையை வாங்கவில்லை. கம்பிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு பூவை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். ஒட்டிய படம் இல்லை என்று நிச்சயம் பண்ணிக்கொள்கிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் லேசில் தோற்கிறவர் இல்லை.

"சரி, பூத்துடுச்சு. நான் சொன்ன சொல்லு மாற மாட்டேன். ஆனா ஒண்ணு கேக்கறேன் அத்தே. பத்து மணிக்குப் பூத்து மூணு மணிக்கு மூடிக்குது. அந்நேரத்துல சந்துல யாரு இருக்கா? எல்லாரும் வேலைக்குப் போயிடறோம். கொடியேத்தம், தேரு, ஜெபம், எல்லாமே சாயங்காலம். யாரு பாக்கறதுக்கு இந்தப் பூவு?"

அக்கா அப்போதுதான் கண்ணைத் திறந்து, பூவைப் பார்த்தார். முழங்காலைத் தடவிக்கொண்டு எழுந்தார்.

"அவங்க பாக்கறதுக்குடா," என்று சொரூபத்தைக் காட்டினார். "நாமெல்லாம் வெளக்கு ஏத்தற நேரத்துக்கு வந்து கும்புட்டுட்டுப் போயிடறோம். பகல் பூரா தனியா நிக்கிறது அவங்கதானே."

தலைவர் மாதாவைப் பார்த்தார், டைல்ஸ் அடுக்கைப் பார்த்தார், மாமனாரை நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. "டைல்ஸைத் திருப்பி அனுப்பினா மாமா என்னைய வீட்டுக்குள்ள விட மாட்டாரு," என்றார்.

"கம்பிக்கு வெளில போடு. ஜனங்க முழங்கால் போடற எடத்துல. சேறும் இருக்காது."

"டால்பின் மேலயா முழங்கால் போடறது?"

"டால்பினைக் கவுத்துப் போடலாம்," என்று யோசனை சொன்னேன். எல்லாரும் சேர்ந்து என்னை ஏசினார்கள். "டைல்ஸ் பின்பக்கம் எப்படி இருக்கும்னுகூடத் தெரியாத ஆளா நீ?" என்றார் மேஸ்திரி. கடைசியில் படம் இல்லாத டைல்ஸாகப் பொறுக்கி வெளியே பதித்தார்கள். போதாமல் போனதால் ஓரத்தில் இரண்டு டால்பின்கள் வந்துவிட்டன. அதில்தான் இப்போது சந்துக் குழந்தைகள் இடம் பிடிக்கச் சண்டை போடுகிறார்கள். மேஸ்திரி வேலை முடித்துப் போகும்போது பை நிறையத் தண்டு ஒடித்துக்கொண்டு போனார். அதிகம் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று நான் இரண்டு தடவை சொன்னேன். அவர் காதில் வாங்கினாரா தெரியவில்லை.

கொடியேற்றம் மாலையில் நடந்தது. சீரியல் செட்டு விளக்கு, மைக், பாட்டு, பக்கத்துத் தெருக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். கம்பிக்குள்ளே ஒரு பூகூட விரிந்திருக்கவில்லை. சர்ச் சாமியார் கொடியை மந்திரித்து முடித்ததும் தலைவர் வெள்ளை வேட்டியில் மைக்கைப் பிடித்தார். நன்றி எல்லாம் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "நம்ம மன்றத்தோட முயற்சியால மாதா காலடியில மலர்த் தோட்டம் ஒண்ணு அமைச்சிருக்கோம். இப்ப தூங்குது. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு எல்லாரும் வந்து பாக்கணும்னு அன்போடு கேட்டுக்கறேன்," என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அக்கா பக்கம் குனிந்து, "என்னாக்கா, என்னமோ அவரே வச்சு வளத்த மாதிரி பேசறாரு?" என்றேன்.

அக்கா மெழுகுவத்தியைக் காற்றுக்கு மறைத்துப் பிடித்திருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"நல்லா சொல்லட்டும் தம்பி. இவ்வளவு சனத்துக்கு முன்னாடி மைக்குல சொன்னப்புறம், அவனால இனிமே டைல்ஸ் போட முடியாதுல்ல?"